டப்ளினில் ஒரு பழைய விண்ணப்பம்: அயர்லாந்து பாலஸ்தீனத்தை அங்கீகரித்த கதை

2024 மே 22, புதன்கிழமை. எங்கள் டீமில் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் டப்ளினில். நமக்கு மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம் அவர்களுக்குக் காலை. தினமும் அந்த நேரத்தில் பதினைந்து நிமிஷம் ஸ்டாண்டப் மீட்டிங். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம், இவ்வளவுதான் பேச்சு. அன்று டப்ளின் பக்கத்திலிருந்த மூத்த டெஸ்டர் ஒருவர், வழக்கமாக மழையைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசாதவர், "இன்னிக்கு எங்க தாத்தா உயிரோட இருந்திருக்கணும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஏன் என்று கேட்டேன். பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரிக்கப்போவதாகக் காலையில் அவர்கள் பிரதமர் அறிவித்துவிட்டாராம். சரி, அதற்கும் உங்கள் தாத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? "1919" என்றார். அதற்குள் யாரோ ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொன்னார்கள். பேச்சு அங்கேயே நின்றுபோனது.

அன்று இரவு பிரதமர் சைமன் ஹாரிஸின் உரையைத் தேடிப் பார்த்தேன். காஸாவில் போர் எட்டாவது மாதத்தில் இருக்கிறது. ஸ்பெயினும் நார்வேயும் அதே காலையில் அதே அறிவிப்பைச் செய்திருக்கின்றன. ஆனால் ஹாரிஸ் சொந்த ஊர்க் கதைக்குப் போகிறார். 1919 ஜனவரி 21 அன்று எங்களைச் சுதந்திர நாடாக அங்கீகரியுங்கள் என்று உலகத்திடம் கேட்டோம் என்கிறார். டெஸ்டர் சொன்ன வருஷம் இதுதான்.

அன்றைக்குத் தோண்ட ஆரம்பித்தது, வார இறுதிகளை இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்து, கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் "கேட்டோம்" என்று ஒருத்தர் சொன்னால் "கிடைத்ததா?" என்று கேட்கிற அளவுக்கு டீபக்கிங் பழக்கம் இருக்கிறது. கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதில்தான் 2024-இன் கதையும் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 தொகுதிகளில் ஷின் ஃபேன் கட்சி 73-ஐப் பிடித்தது. ஜெயித்தவர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக மறுத்தார்கள். 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் மேயரின் மாளிகையில் தாங்களே ஒரு நாடாளுமன்றமாகக் கூடினார்கள். கூடியவர்கள் 27 பேர்தான். வருகைப் பதிவு வாசிக்கும்போது பெயருக்குப் பெயர் "அந்நியரால் சிறைப்பட்டிருக்கிறார்" என்று பதில் வந்ததாம். கூட்டம் சுமார் இரண்டு மணி நேரம் நடந்தது. சுதந்திரப் பிரகடனம் வாசித்தார்கள். கூடவே, உலகின் சுதந்திர நாடுகளுக்கு ஒரு செய்தியும் வாசித்தார்கள்: எங்களை அங்கீகரியுங்கள், பாரிஸ் அமைதி மாநாட்டில் எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று. ஐரிஷ், ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் அது வாசிக்கப்பட்டது. பிரெஞ்சு யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. டிப்பரரி மாவட்டத்தில் சோலோஹெட்பெக் என்ற இடத்தில், வெடிமருந்து வண்டிக்குக் காவல் போன இரண்டு போலீஸ்காரர்களைத் தன்னார்வப் படையினர் சிலர் சுட்டுக் கொன்றார்கள். புதிய நாடாளுமன்றத்தின் அனுமதியோடு நடந்ததல்ல அது. அங்கீகார விண்ணப்பமும் முதல் துப்பாக்கிச் சூடும் ஒரே தேதியில் விழுந்தன. அன்றிலிருந்து லண்டனுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது: இவர்கள் நாடு கேட்கிறவர்கள் இல்லை, கொலைகாரர்கள்.

சீன் டி. ஓ'கெல்லி என்பவரைத் தூதராகப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் ஹோட்டலில் ரூம் போட்டுக்கொண்டு, பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோவுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கதவு திறக்கவில்லை. இதே மாநாட்டில், இதே பிப்ரவரியில், அரபுகள் சார்பில் எமிர் ஃபைசல் பேச அனுமதிக்கப்பட்டார். சில வாரம் கழித்து சியோனிச அமைப்பின் குழுவும் பேசியது. இருவரும் கேட்டது தோற்றுப்போன துருக்கியின் நிலத்தை. ஐரிஷ்காரர்கள் கேட்டது ஜெயித்த பிரிட்டனின் நிலத்தை. வித்தியாசம் அவ்வளவுதான். அமெரிக்க அதிபர் வில்சனை மடக்கப் பார்த்தார்கள், அவர் பிரிட்டனைப் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

நம் ஊர் அரசியல் மேடைகளில் "டிவேலரா" என்று ஒரு பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்த டி வலேரா சிறையிலிருந்து தப்பி, 1919 ஜூனிலிருந்து ஒன்றரை வருஷம் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். கடன் பத்திரம் விற்று ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். போகிற ஊரெல்லாம் கூட்டம். ஆனால் அங்கீகாரம்? 1920-இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளின் மாநாடுகளும் அந்தத் தீர்மானத்தை ஏற்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு நியூயார்க்கில் அங்கீகாரம் கிடைக்காமல் அலைந்த இன்னொரு அரசும் இருந்தது: சோவியத் ரஷ்யா. 1920-இல் ஐரிஷ் பிரதிநிதி ஹாரி போலண்ட், சோவியத் பிரதிநிதி லுட்விக் மார்ட்டென்ஸுக்கு 20,000 டாலர் கடன் கொடுத்தார். அடமானமாக வந்தது ரஷ்ய அரச குடும்பத்து நகைகள்! இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று அங்கீகரித்துக்கொள்ள ஒரு வரைவு ஒப்பந்தம்கூட எழுதினார்கள். அது கையெழுத்தாகவே இல்லை. போலண்ட் 1922-இல் உள்நாட்டுப் போரில் இறந்தார். நகைகளை அவருடைய அம்மா வருஷக்கணக்கில் வீட்டில் ஒளித்து வைத்திருந்து, 1938-இல் அரசிடம் கொடுத்தார். பிறகு அரசு அலுவலகப் பெட்டகத்தில் கிடந்து, பத்து வருஷத்துக்கு மேல் கழித்துதான் கடன் தீர்ந்து மாஸ்கோவுக்குத் திரும்பின. உலகம் அங்கீகரிக்காத இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பி அடகுக்கடை நடத்தியிருக்கிறார்கள்.

சரி, அயர்லாந்துக்கு அங்கீகாரம் எப்போதுதான் வந்தது? 1921 டிசம்பரில் லண்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு. 1923-இல் நாடுகளின் சங்கத்தில் உறுப்பினர். 1924-இல் அதன் தூதரை வாஷிங்டன் ஏற்றுக்கொண்டது. விலையும் கொடுத்தார்கள்: வடக்கில் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடே நின்றன, மீதி நாட்டில் உள்நாட்டுப் போர். வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆக்கிரமித்தவனின் சம்மதம், அதற்குப் பிறகுதான் உலகத்தின் அங்கீகாரம். எந்தச் சமயத்தில் அது உதவியிருக்குமோ அந்தச் சமயத்தில் வரவில்லை. எதிராளியே கையெழுத்துப் போட்டபின், இனி யாருக்கும் சங்கடமில்லை என்றானபின் வந்தது.

ஒரு நாடு என்றால் என்ன என்பதற்குச் சட்டப் புத்தகங்களில் எல்லோரும் காட்டுவது 1933 மாண்டெவிடியோ உடன்படிக்கை. நிரந்தர மக்கள், வரையறுத்த நிலம், ஒரு அரசு, மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன் என நான்கு நிபந்தனைகள். இவை இருந்தால் அது நாடுதான், மற்றவர்கள் அங்கீகரித்தாலும் இல்லாவிட்டாலும் என்பது ஒரு கட்சி. மற்றவர்கள் அங்கீகரித்தால்தான் நாடு என்பது எதிர்க்கட்சி. இந்த நான்கையும் 1919 அயர்லாந்துக்குப் பொருத்திப் பார்த்தேன். மக்கள் உண்டு. நிலம் தீவு என்பதால் தெளிவு, ஆனால் கட்டுப்பாடு பிரிட்டிஷ் ராணுவத்திடம். அரசு பாதிச் சிறையில், பாதித் தலைமறைவில். தூதர் ஹோட்டல் ரூமில். டெஸ்ட் ஃபெயில்! ஆனால் ஐந்தே வருஷத்தில் அதே கூட்டம் ஒரு முழு நாடு. அந்த நான்கு நிபந்தனையும் அங்கீகாரத்துக்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

இனி பாலஸ்தீனம். அயர்லாந்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு வெறும் அனுதாபம் இல்லை, ஆள் தொடர்பு. 1917-இல் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் என்று கடிதம் எழுதிய ஆர்தர் பால்ஃபர், அதற்கு முப்பது வருஷம் முன்னால் அயர்லாந்தை ஆண்ட தலைமைச் செயலாளர். 1887 செப்டம்பரில் மிட்சல்ஸ்டவுன் என்ற ஊரில் குத்தகை விவசாயிகளின் கூட்டத்தில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். பால்ஃபர் போலீஸ் பக்கம் நின்றார். "ரத்த பால்ஃபர்" என்ற பட்டப்பெயர் அப்போது வந்தது. அடுத்து ஜெனரல் ஹென்றி டியூடர். 1920-21-இல் ஐரிஷ் போலீஸுக்குத் தலைமை வகித்தவர். அயர்லாந்தில் இன்றைக்கும் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கிற "பிளாக் அண்ட் டான்ஸ்" படை அவர் காலத்தது. அயர்லாந்தில் வேலை முடிந்ததும் 1922-இல் அவர் பாலஸ்தீனம் போனார். அங்கே புதிதாக அமைத்த ஜெண்டார்மரிக்கு ஆள் எடுத்ததும் பெரும்பாலும் இந்தக் கலைக்கப்பட்ட படைகளிலிருந்துதான். ஒரு புராஜெக்ட் முடிந்ததும் அடுத்த புராஜெக்ட்டுக்கு மொத்த டீமையும் மாற்றுகிற மாதிரி.

இதோடு நிறுத்தினால் கதை ரொம்ப சுலபமாகிவிடும். ஆனால் யூதர்களும் அயர்லாந்தைத் தங்கள் முன்மாதிரியாகத்தான் பார்த்தார்கள். பிரிட்டனுக்கு எதிராக ஆயுதம் எடுத்த லெஹி இயக்கத்தில் யிட்சாக் ஷமீர் வைத்துக்கொண்ட ரகசியப் பெயர் "மைக்கேல்", ஐரிஷ் புரட்சியாளர் மைக்கேல் காலின்ஸின் நினைவாக. அவர் பிற்பாடு இஸ்ரேலின் பிரதமரானார். ஐரிஷ் விடுதலைப் போருக்கு ஆயுதம் கடத்திய யூதரான ராபர்ட் பிரிஸ்கோ சியோனிசத் தலைவர் ஜபோட்டின்ஸ்கியின் நண்பர், பின்னாளில் டப்ளின் மேயர். அயர்லாந்தின் தலைமை ரப்பியாக இருந்த ஹெர்ட்சாக்கின் மகன் ஹைம், பெல்ஃபாஸ்ட்டில் பிறந்து டப்ளினில் வளர்ந்து இஸ்ரேலின் ஜனாதிபதியானார். அவர் மகன் ஐசக் இந்தப் போர்க்காலத்தில் அதே பதவியில் இருக்கிறார். இரண்டு தரப்பும் தங்களைத்தான் அயர்லாந்து என்று நினைத்தன. அயர்லாந்து தன்னை எந்தப் பக்கத்தில் பார்த்தது என்பது மெதுவாகத்தான் முடிவானது. பெல்ஃபாஸ்ட்டில் இன்றைக்கும் கத்தோலிக்கத் தெருக்களில் பாலஸ்தீனக் கொடி, பிரிட்டன் ஆதரவுத் தெருக்களில் இஸ்ரேல் கொடி பறக்கும். இருவருக்கும் சண்டை சொந்த ஊருக்குத்தான், கொடிதான் கடன் வாங்கியது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான்: அங்கீகாரத்துக்காக இத்தனை ஏங்கிய நாடு, மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது படு கஞ்சத்தனம் காட்டியது. 1948-இல் பிறந்த இஸ்ரேலுக்கு 1949-இல் நடைமுறை அங்கீகாரம் மட்டும் கொடுத்தது. சட்டபூர்வ அங்கீகாரம் 1963-இல்தான். ஜெருசலேம் சர்வதேச நகரமாக இருக்க வேண்டும் என்ற வாடிகனின் விருப்பம் ஒரு காரணம். இன்னொன்று சொந்த வலி: பிரிவினை. பாலஸ்தீனத்தைப் பிரிக்கலாம் என்று 1937-இல் பிரிட்டிஷ் கமிஷன் சொன்னபோது, நாடுகளின் சங்கத்தில் எழுந்து எதிர்த்தவர் டி வலேரா. தன் நாட்டை வெட்டியவர்கள் இன்னொரு நாட்டையும் வெட்டுவதை எப்படி ஆமோதிப்பது? டப்ளினில் இஸ்ரேல் தூதரகம் வைக்கச் சம்மதம் கிடைத்தது 1993-இல், ஆஸ்லோ உடன்பாட்டுக்குப் பிறகு.

பாலஸ்தீனர்களுக்கும் அதே கஞ்சத்தனம்தான், மரியாதையான வார்த்தைகளோடு. 1980 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் பிரையன் லெனிஹன் பஹ்ரைன் போயிருந்தபோது, பாலஸ்தீனர்களுக்குத் தனி அரசு அமைக்கும் உரிமை உண்டு என்று அறிவித்தார். ஐரோப்பிய சமூக நாடுகளில் அப்படிச் சொன்ன முதல் நாடு அயர்லாந்து. லெபனானில் 1978 முதல் ஐ.நா. அமைதிப்படையில் ஐரிஷ் சிப்பாய்கள் இருக்கிறார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே உயிர்விட்டிருக்கிறார்கள். இஸ்ரேலின் ஆதரவு பெற்ற உள்ளூர் ஆயுதக்குழுவால் கொல்லப்பட்டவர்களும் அதில் உண்டு. அந்தச் சின்ன நாட்டில் தெற்கு லெபனானில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தெருவைக் காண்பது அபூர்வம் என்று அந்த டெஸ்டர் சொன்னார். மத்தியக் கிழக்கு அவர்களுக்குப் பேப்பர் செய்தி மட்டும் இல்லை.

இருந்தும், 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் யாசர் அராஃபத் பாலஸ்தீன அரசைப் பிரகடனம் செய்தபோது, இந்தியா உட்படப் பல நாடுகள் உடனே அங்கீகரித்தன. அயர்லாந்து அங்கீகரிக்கவில்லை. மேற்கு ஐரோப்பா முழுவதும் ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது: பேச்சுவார்த்தை முடியட்டும், இறுதி உடன்பாடு வரட்டும், கடைசியில் அங்கீகரிப்போம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இறுதி உடன்பாட்டில் இஸ்ரேல் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியென்றால் அங்கீகாரத்தின் சாவி இஸ்ரேலிடம். 1921-இல் சாவி லண்டனிடம் இருந்ததே, அதே வரிசை. 2014 அக்டோபரில் ஐரிஷ் மேலவையும் டிசம்பரில் கீழவையும் பாலஸ்தீனத்தை அங்கீகரிக்கும்படி அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டன. அதே அக்டோபரில் ஸ்வீடன் அங்கீகரித்தேவிட்டது. டப்ளின் அரசு தீர்மானத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு பத்து வருஷம் உட்கார்ந்திருந்தது. 1919 விண்ணப்பத்தை மேடையில் பெருமையாகச் சொல்கிறவர்கள் இந்தப் பத்து வருஷத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு 2023 அக்டோபர் 7. ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், ஏறத்தாழ 250 பேர் பணயக் கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதில் எட்டு வயது ஐரிஷ்-இஸ்ரேலியச் சிறுமியும் ஒருத்தி. பிடியில் இருக்கும்போதே அவளுக்கு ஒன்பது வயது ஆனது. நவம்பரில் விடுவிக்கப்பட்டாள். காஸாவில் இஸ்ரேலின் தாக்குதலில், 2024 மே மாதத்துக்குள் இறந்தவர்கள் 35,000-க்கும் மேல் என்றது அங்குள்ள சுகாதார அமைச்சகம்.

போரின் நடுவில் ஒரு நாட்டை அங்கீகரிப்பது விசித்திரமான வேலை. எல்லை எது என்று தெரியாது, நாளைக்கு யார் உயிரோடு இருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் கடைசியில் அங்கீகரிப்போம் என்ற வாதத்தை உடைத்தது இந்தப் போர்தான். பாலஸ்தீன அரசு அமைய விடமாட்டேன் என்று நெதன்யாகு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தையே இல்லை என்றானபின், பேச்சுவார்த்தை முடிந்ததும் தருகிறேன் என்பதற்குத் தரமாட்டேன் என்றுதான் அர்த்தம். 2024 மார்ச் 22 அன்று அயர்லாந்து, ஸ்பெயின், மால்டா, ஸ்லொவேனியா நான்கும் சேர்ந்து, தகுந்த சூழலில் அங்கீகரிக்கத் தயார் என்றன. ஏப்ரல் 18 அன்று பாலஸ்தீனத்தை ஐ.நா. முழு உறுப்பினராக்கும் தீர்மானம் பாதுகாப்பு அவையில் 12 வாக்குப் பெற்றும், அமெரிக்காவின் வீட்டோவில் விழுந்தது. மே 10 அன்று பொது அவை 143-க்கு 9 என்ற கணக்கில் அதே கோரிக்கையை ஆதரித்தது. பன்னிரண்டு நாள் கழித்து டப்ளின் அறிவிப்பு. மே 28 முதல் அமல். அன்று ஐரிஷ் நாடாளுமன்ற வளாகத்தில் பாலஸ்தீனக் கொடி ஏறியது.

அடுத்த வாரமே அங்கே உள்ளாட்சித் தேர்தலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் இருந்தன. ஹாரிஸ் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதிர்க்கட்சியான ஷின் ஃபேன் இந்த விஷயத்தில் அரசைக் குடைந்துகொண்டே இருந்தது. இதெல்லாம் கணக்கில் இல்லை என்று சொன்னால் நான் அப்பாவி. கணக்கும் இருக்கும், நினைவும் இருக்கும். ஒன்றுக்காக இன்னொன்றைப் பொய்யென்று சொல்ல வேண்டியதில்லை.

இஸ்ரேல் உடனே தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. மூன்று நாடுகளின் தூதர்களையும் தன் வெளியுறவு அமைச்சகத்துக்கு வரவழைத்து, அக்டோபர் 7 அன்று பெண் சிப்பாய்கள் பிடிபட்ட வீடியோவைப் போட்டுக் காட்டியது, பத்திரிகையாளர்கள் படம் எடுக்க. பயங்கரவாதத்துக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்பது அதன் வாதம். எனக்கு இந்த வாதம் முழுசாக ஒப்பவில்லை, ஏனென்றால் அங்கீகாரம் போனது ஹமாஸுக்கு இல்லை, ஹமாஸ் 2007-இல் காஸாவை விட்டுத் துரத்திய பாலஸ்தீன அதிகாரத்துக்கு. ஆனால் அந்த அதிகாரத்தின் நிலை என்ன? அப்பாஸ் 2005-இல் நான்கு வருஷப் பதவிக்குத் தேர்வானவர், இன்னும் அதில் இருக்கிறார். 2006-க்குப் பிறகு நாடாளுமன்றத் தேர்தலே இல்லை. 1919 டப்ளினில் கூடிய 27 பேரிடம் நிலம் இல்லை, ஆனால் மாதம் ஆறாத மக்கள் தீர்ப்பு இருந்தது. ராமல்லாவில் இருப்பவர்களிடம் தூதரகங்கள் இருக்கின்றன, அந்தத் தீர்ப்பு இல்லை. ஐரிஷ் ஒப்புமை இந்த இடத்தில் கிழிகிறது. அதை ஹாரிஸின் உரை தொடவில்லை.

சரி, அங்கீகாரத்தால் என்ன மாறியது? டப்ளினில் இருந்த பாலஸ்தீன அலுவலகம் தூதரகம் ஆனது, நவம்பரில் முழு அந்தஸ்துள்ள தூதர் வந்தார். காஸாவில் குண்டு நிற்கவில்லை. அங்கீகாரம் என்பது டேட்டாபேஸில் ஒரு காலத்தை "ஆம்" என்று மாற்றுவது மாதிரி. அதைப் படித்து நடந்துகொள்ளும் புரோகிராம் எதுவும் இல்லாவிட்டால் அது சும்மா ஒரு "ஆம்". ஹங்கேரியைப் பாருங்கள். 1988-லேயே, கம்யூனிஸ்ட் காலத்தில், பாலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடு. 2024 மே 10 அன்று எதிர்த்து வாக்களித்த ஒன்பதில் அதுவும் ஒன்று.

அயர்லாந்திலும் இந்த முரண் உண்டு. அது இஸ்ரேலியப் பொருள்களைப் பெரிய அளவில் வாங்குகிற நாடுகளில் ஒன்று. பழமும் பேரீச்சையும் இல்லை, பெரும்பாலும் மின்னணுச் சிப்புகள். இன்டெல்லுக்கு டப்ளின் பக்கத்தில் லெய்க்ஸ்லிப்பில் ஒரு தொழிற்சாலை, இஸ்ரேலில் கிர்யாட் காட்டில் ஒன்று. கிர்யாட் காட் எழுந்திருப்பது இராக் அல்-மன்ஷிய்யா, ஃபலூஜா என்ற, 1949-இல் காலியான இரண்டு பாலஸ்தீனக் கிராமங்களின் நிலத்தில். இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்கிற லேப்டாப்புக்குள்ளும் இன்டெல் சிப்தான் இருக்கிறது, ஆகவே டப்ளின்காரர்களை மட்டும் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. இஸ்ரேல் அரசின் கடன் பத்திரங்கள் ஐரோப்பாவில் விற்பதற்கான ஆவணத்துக்கு அனுமதி கொடுத்துவந்ததும் அயர்லாந்தின் மத்திய வங்கிதான், 2025-இல் அந்த வேலை லக்ஸம்பர்க்குக்கு மாறும் வரை. குடியேற்றப் பகுதிகளின் பொருள்களுக்குத் தடை போடும் மசோதாவை பிரான்சிஸ் பிளாக் என்ற மேலவை உறுப்பினர் 2018-இல் கொண்டுவந்தார். அங்கீகாரம் வந்த பின்னும் அது நிறைவேறவில்லை. அரசு அதற்குப் பதிலாக 2025-இல் தன் சொந்த வரைவைக் கொண்டுவந்தது. அதில் பொருள்கள் மட்டுமா, சேவைகளும் உண்டா என்று இழுபறி.

ஆனால் ஒன்றுமே இல்லாத ஒன்றுக்காக யாரும் தூதரகத்தை மூட மாட்டார்கள். 2024 டிசம்பர் 15 அன்று டப்ளின் தூதரகத்தை மூடுவதாக இஸ்ரேல் அறிவித்தது. பாலஸ்தீனத்தை அங்கீகரித்ததும், சர்வதேச நீதிமன்றத்தில் தென் ஆப்பிரிக்கா தொடுத்த வழக்கில் அயர்லாந்து சேர முடிவு செய்ததும் காரணங்கள். 1993-இல் அத்தனை இழுத்தடித்துக் கொடுத்த சம்மதத்தில் பிறந்த தூதரகம்.

இதை எழுதி முடிக்காமல் டிராஃப்டிலேயே வைத்திருந்தேன். 2025 செப்டம்பர் 21 அன்று கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகலோடு சேர்ந்து பிரிட்டனும் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. பால்ஃபரின் பிரிட்டன், டியூடரின் பிரிட்டன். அப்போது காஸாவில் இறந்தவர்கள் கணக்கு 65,000-ஐத் தாண்டியிருந்தது, காஸா நகரத்துக்குள் டாங்கிகள் நகர்ந்துகொண்டிருந்தன. மறுநாள் ஸ்டாண்டப்பில் அந்த டெஸ்டரைக் கேட்டேன், இப்போது உங்க தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "லண்டன்காரன் எப்பவும் கடைசியாத்தான் வருவான்னு சொல்லியிருப்பார்" என்றார். பிறகு டப்ளினில் மழை பெய்வதாகச் சொன்னார்.